நாளுக்கு ஒரு சம்பவம், மூன்று வரி: நட்பையும் நம்பிக்கையையும் தன் இயல்பையும் எழுதிப் பார்ப்பது எப்படி?

தன்னைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் நாளே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 'இன்று சுயநலமாக நடந்துகொண்டேன்.' 'எனக்குப் பொறுமையே கிடையாது.' 'என் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.' இரண்டு வாரம் இப்படி எழுதினால் நோட்டைத் திறக்கவே மனம் வராது. திறந்தாலும் கற்றுக்கொள்ள அதில் எதுவும் இருக்காது. தீர்ப்பு இருக்கிறது, வழக்கு இல்லை. அன்று என்ன நடந்தது என்பதே ஒரு மாதத்தில் மறந்துபோயிருக்கும்.

அதே நாளை இப்படி எழுதலாம் (ர என்பது நண்பன் பெயரின் முதலெழுத்து): 'வேலை போய்விட்டது என்று ர சொன்னான். அவன் இரண்டு வாக்கியம் பேசியதும் என் ஆபீஸ் பிரச்சினையை ஆரம்பித்தேன். அவன் போனைப் பார்க்கத் தொடங்கினான். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டான்.' குணத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனாலும் எங்கே இடறியது என்பது தெளிவாகத் தெரிகிறது. நாளை என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிகிறது: ர-வைக் கூப்பிட்டு, அவன் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்க வேண்டும். குணத்தை எழுதாமல் செயலை எழுதுவதுதான் இந்த முறையின் அடிப்படை. மற்றவை எல்லாம் அதற்குத் துணை.

தேவையானவை

கோடு போட்ட ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, பதினைந்து நிமிடம். போனில் எழுதலாம்தான், ஆனால் நடுவில் ஒரு செய்தி வந்தால் கை அங்கே போய்விடும். தாளே நல்லது. இடப்பக்கம் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

படுக்கையில் எழுத வேண்டாம். அன்றைய மனத்தாங்கலைக் கிளறிவிட்ட கையோடு விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. படுப்பதற்கு அரை மணி நேரமாவது முன்னால், தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையை ஒட்டி எழுதுங்கள்: பாத்திரம் கழுவி முடித்ததும், கதவைப் பூட்டியதும், பல் தேய்த்ததும். ஒரு வழக்கம் தன்னியல்பாக மாற எத்தனை நாள் ஆகும் என்பதை லண்டனில் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். நடுவாக வந்தது 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று நம்பி, 22-ஆம் நாள் பழகவில்லையே என்று நோட்டை மூடிவைக்காதீர்கள். ஒரு நாள் விட்டுப்போனது வழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. விட்டுப்போன நாளை மறுநாள் சேர்த்து எழுத முயல வேண்டாம். அது நினைவிலிருந்து எழுதுவதாக இருக்காது, கற்பனையாகத்தான் இருக்கும்.

பெயர்களுக்கு முதலெழுத்து போதும். நண்பர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியத்தை எழுதாதீர்கள். 'ஒன்று சொன்னாள்' என்று மட்டும் எழுதினால் உங்களுக்குப் புரியும். நோட்டு எப்போதாவது இன்னொருவர் கையில் கிடைக்கக்கூடும்.

சம்பவத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் இரண்டு நிமிடம் எழுதாமல், காலையிலிருந்து நாளை ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். உடம்பு மாறிய இடம் எது என்று தேடுங்கள்: காது சூடானது, குரல் உயர்ந்தது, வயிறு இறுகியது, கண் கலங்கியது, திடீரென்று மனம் லேசானது. அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான். மூன்று சம்பவம் எழுதுகிறவர் மூன்றையும் மேலோட்டமாக எழுதுவார்.

தவறு நடந்த நாள் மட்டும்தான் எழுதத் தகுந்தது என்று நினைப்பது பெரிய பிழை. ஐந்து நாள் குறையை எழுதினால் இரண்டு நாளாவது நன்றாக நடந்ததை எழுத வேண்டும், அதையும் அதே நுணுக்கத்தோடு. யாரிடம், எந்தச் சூழலில், நீங்கள் நிதானமாகவும் அன்பாகவும் இருந்தீர்கள் என்பதும் உங்கள் இயல்பைப் பற்றிய செய்திதான்.

பிறகு ஐந்து நிமிடம் எழுதுங்கள். பக்கத்தில் நின்ற மூன்றாம் ஆள் கண்ணால் பார்த்து, காதால் கேட்டிருக்கக்கூடியதை மட்டும். கூடவே உங்கள் உடம்பில் நடந்ததை ஒரு வரியில் சேர்க்கலாம். 'அவள் என்னை அவமதித்தாள்' என்பதை மூன்றாம் ஆள் பார்க்க முடியாது. 'நான் பேசி முடிப்பதற்குள் அவள் எழுந்து போனாள்' என்பதைப் பார்க்க முடியும். எழுதிய பிறகு படித்து, தீர்ப்புச் சொற்களை அடித்துவிடுங்கள்: எப்போதும், ஒருபோதும், வேண்டுமென்றே, திமிராக. முதல் வாரம் பாதிப் பக்கம் அடிபடும், அது இயல்பு.

அதன் கீழே மூன்று வரி எழுத வேண்டும்.

முதல் வரி: நட்பு

'இந்தச் சம்பவத்தில் நான் யாருக்கு என்ன தர வேண்டியிருக்கிறது?' என்ற கேள்விக்குப் பதில். கேட்காமல் விட்ட செவி, சொல்லாமல் விட்ட நன்றி, திருப்பித் தராத அழைப்பு, மன்னிப்பு, சில நேரம் கசப்பான ஓர் உண்மை. எனக்கு வர வேண்டியதை இங்கே எழுதக் கூடாது. நான் மூன்று முறை கூப்பிட்டேன், அவள் ஒரு முறைதான் கூப்பிட்டாள் என்று கணக்கு எழுதத் தொடங்கினால் நோட்டு கடன் புத்தகமாகிவிடும். நட்பு அதில் கரையும். ஒரே ஆளிடம் தொடர்ந்து நீங்களே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உண்மையானால், சம்பவங்களைப் படிக்கும்போது தானே தெரியவரும். தனிக்கணக்கு தேவையில்லை.

நோட்டின் கடைசித் தாளில் ஐந்து பெயர் எழுதிவையுங்கள். நேரில் சந்தித்தோ நிதானமாகப் பேசியோ இருந்தால் பக்கத்தில் தேதி போடுங்கள். படத்துக்கு இதயக்குறி போட்டதெல்லாம் கணக்கில் வராது. நட்பு எதனால் வளர்கிறது என்பதற்கு இங்கே ஓர் எண் உதவும். அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்றே சொல்ல 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். வேலை செய்யும் இடத்தில் அருகருகே உட்கார்ந்திருந்த நேரம் அவ்வளவாக உதவவில்லை. சேர்ந்து சும்மா இருந்த நேரமும் சிரித்துப் பேசிய நேரமும்தான் உதவின. 'எனக்கு யாரோடும் ஒட்டவில்லை, என் சுபாவம் அப்படி' என்று சொல்கிறவர்கள், முதலில் அந்த மணிக்கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பல சமயம் சுபாவம் காரணமாக இருக்காது. சேர்ந்திருந்த நேரமே எட்டோ பத்தோ மணிதான் இருக்கும்.

தேதி பழையதாகிவிட்ட பெயருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே அதைப் பெறுகிறவர் மகிழ்கிறார் என்று 2022-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. எதிர்பாராமல் வரும் செய்தி என்றால் மகிழ்ச்சி இன்னும் கூடுதல். மூன்று வரி போதும்: எது உங்களை நினைவுபடுத்தியது, சேர்ந்து அனுபவித்த ஒரு சின்ன விஷயம், எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி. இத்தனை நாள் பேசாததற்கு நீண்ட விளக்கம் கொடுத்தால் பதில் எழுதுவது அவருக்குச் சுமையாகிவிடும். முதல் செய்தியிலேயே உதவி கேட்பதும் கூடாது.

மன்னிப்புக் கேட்க வேண்டிய கடன் என்றால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. தள்ளிப்போகப் போக நம் மனம் நமக்குச் சாதகமான கதையைக் கட்டிவிடும். செய்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். 'உன் மனசு புண்பட்டிருந்தா சாரி' என்பது மன்னிப்பு ஆகாது. அதில் குற்றம் அவர் மனசுக்குப் போய்விடுகிறது. 'ஆனா' என்ற சொல் வந்த இடத்தில் மன்னிப்பு முடிந்து வாதம் தொடங்குகிறது. இப்படிச் சொல்லலாம்: 'அன்னைக்கு நீ வேலை விஷயம் சொல்லிட்டு இருந்தப்ப நான் பேச்சை என் பக்கம் திருப்பிட்டேன். அது தப்பு. நீ சொல்ல வந்ததை முழுசா கேக்கணும். எப்ப பேசலாம்?' சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். உடனே 'பரவாயில்ல' என்று அவர் சொல்லியே ஆக வேண்டும் என்று காத்திருப்பதும் ஒருவகை வற்புறுத்தல்தான்.

இரண்டாம் வரி: நம்பிக்கை

'அந்த நேரத்தில் எதை நம்பி அப்படி நடந்தேன்?' இந்தக் கேள்வி இறைநம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொருந்தும். வாயால் சொல்லும் நம்பிக்கை ஒன்று, கை செய்த நம்பிக்கை ஒன்று. 'எல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வான் என்று அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகு ஏழு முறை போனை எடுத்து முடிவு வந்துவிட்டதா என்று பார்த்தேன்.' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். 'நான் வேஷக்காரன்' என்று அதன் கீழே எழுத வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் எல்லா நம்பிக்கையாளர்களும் வாழ்கிறார்கள். அதை அளந்து வைத்துக்கொள்வதே இந்த வரியின் வேலை.

நாளின் முடிவில் தன்னைக் கணக்குப் பார்ப்பது பல மரபுகளில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இஸ்லாமிய அறிஞர் ஒருவருக்கு, தன்னையே கணக்குக் கேட்டுக்கொள்பவர் என்ற பொருளில் முஹாஸிபி என்ற பெயரே நிலைத்துவிட்டது. சமணர்களுக்கு, செய்த தவறை நினைத்து வருந்தி மன்னிப்புக் கேட்கும் பிரதிக்கிரமணம் இருக்கிறது. 1548-ல் அச்சான, இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவின் பயிற்சிமுறையில் நாள்சோதனை ஐந்து படிகளாக வருகிறது. அதில் கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் பெற்றதற்கு நன்றி, அடுத்து, தன்னைக் காண ஒளி வேண்டுதல், குறையைத் தேடுவது மூன்றாவதாகத்தான் வருகிறது. நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே குற்றத்துக்குப் போகிறவர்கள் விரைவில் களைத்துவிடுகிறார்கள். எனவே இந்த வரியைத் தொடங்கும் முன், அன்று கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று எழுத வேண்டாம். 'மதியம் க என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தாள்' என்று எழுதுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மனிதரிடம் பட்ட கடனைக் கடவுளிடம் அடைத்துவிட்டதாக நினைப்பது. நண்பரைப் புண்படுத்திவிட்டு, பிரார்த்தனையில் அழுது, மனம் தெளிந்து தூங்கிவிடுகிறோம். நண்பருக்கு அது தெரியவே தெரியாது. யூத மரபின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதை நேராகவே சொல்கிறது: மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும் வரை பாவநிவாரண நாள்கூட தீர்க்காது. ஆகவே முதல் வரியில் மன்னிப்பு என்று எழுதியிருந்தால், இரண்டாம் வரியில் எதை எழுதினாலும் முதல் வரி அடிக்கப்படுவதில்லை.

வறட்சிக் காலம் எல்லோருக்கும் வரும். அப்போது உணர்ச்சியை எழுதாமல் செய்ததை எழுதுங்கள்: 'பத்து நிமிடம் உட்கார்ந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.' சந்தேகம் வந்தால் அதை ஒரு கேள்வியாக, தேதியோடு எழுதிவையுங்கள். அன்றிரவே பதில் கண்டுபிடிக்க முயல வேண்டாம். மூன்று மாதம் கழித்து அந்தக் கேள்வியைப் படிக்கும்போது அது மாறியிருக்கும், அல்லது கூர்மையாகியிருக்கும். இரண்டுமே பயனுள்ளவை.

சிலருக்கு இந்த வரி விஷமாக மாறுவதும் உண்டு. மன்னிக்கப்பட்ட தவறையே திரும்பத் திரும்ப எழுதுவார்கள், சின்ன எண்ணத்தைக்கூடப் பாவமாகப் பார்ப்பார்கள். இக்னேஷியஸே 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இந்த மனச்சஞ்சலத்தில் மாதக்கணக்கில் தவித்தவர். பழைய பாவங்களை மறுபடி அறிக்கையிடுவதை நிறுத்திய பிறகுதான் அதிலிருந்து வெளியே வந்தார். ஒரு சம்பவத்தை ஒரு முறைக்கு மேல் இந்த வரிக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வரி: இயல்பு

இதுதான் மிகச் சிறிய வரி: 'அதற்கு முன் என்ன இருந்தது? நான் என்ன செய்தேன்?' இதில் 'ஏன்' வரக் கூடாது. 'நான் ஏன் இப்படி?' என்று கேட்டால் மனம் நம்பத்தகுந்த மாதிரி ஏதோ ஒரு காரணத்தைத் தயாரித்துக் கொடுக்கும், அல்லது அதே இடத்தில் சுற்றிச்சுற்றி வரும். 'என்ன' என்று கேட்டால் பார்க்கத் தொடங்கும்.

முன்னால் இருந்ததை ஓரத்தில் ஒரு சொல்லால் குறியுங்கள்: பசி, தூக்கமின்மை, அவசரம், கூட்டம், திருத்தல், ஒப்பீடு. செய்ததை இன்னொரு சொல்லால்: வெடித்தேன், மௌனம், மழுப்பல், ஒதுங்கல், சரணடைதல், நின்றேன். எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் போனால் எண்ணவே முடியாது.

முப்பது பதிவு சேர்ந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி எண்ணுங்கள். 'பசி, வெடித்தேன்' போன்ற ஒரு ஜோடி இரண்டு மூன்று முறை வந்திருந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஏழெட்டு முறை வந்திருந்தால் அது உங்களுடையது. அதை இந்த வடிவில் எழுதுங்கள்: 'நாலு பேர் முன்னால் யாராவது என்னைத் திருத்தினால், சிரித்து மழுப்புகிறேன், தனியாகத் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன்.' ஒருவரின் ஆளுமை இப்படி 'இந்தச் சூழலில் இப்படி' என்ற அமைப்பாகவே நிலைத்திருக்கிறது என்று உளவியலாளர் வால்டர் மிஷலும் யூயிச்சி ஷோடாவும் 1995-ல் விளக்கினார்கள். 'கூச்ச சுபாவி' என்ற ஒற்றைச் சொல்லால் செய்ய ஒன்றுமில்லை. மேலே உள்ள வாக்கியத்தை வைத்து, 'ஏதாவது சொல்லணும்னா தனியா கூப்பிட்டுச் சொல்லு, எனக்கு அதுதான் ஏறும்' என்று நண்பரிடம் கேட்க முடியும்.

இணையத்தில் கிடைக்கும் ஆளுமைத் தேர்வுகளை இந்த எண்ணிக்கைக்கு முன்னால் எழுதாமல் இருப்பது நல்லது. உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-ல் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு ஆளுமைக் குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் கேட்டார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. 'சில சமயம் கலகலப்பாக இருப்பீர்கள், சில சமயம் ஒதுங்கியிருப்பீர்கள்' என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? ஆளுக்கு நான்கு எழுத்தில் ஒரு வகை சொல்லும் MBTI போன்ற தேர்வுகளில் இன்னொரு சிக்கல்: நடுவில் கோடு கிழித்து ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கிறார்கள். பெரும்பாலோர் நடுவுக்கு அருகில்தான் இருப்பார்கள். சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதினால் பலருக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. ஆட்களை வகை பிரிக்காமல், ஐந்து பண்புகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளவுகோலில் காட்டும் தேர்வுகள் இதைவிடப் பரவாயில்லை. அவற்றையும் எண்ணி முடித்த பிறகு ஒப்பிடப் பயன்படுத்துங்கள்.

நண்பரிடம் கேட்பது

சில விஷயம் எத்தனை நோட்டு எழுதினாலும் நமக்குத் தெரியாது. உளவியலாளர் சிமின் வசீர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதை வகைப்படுத்திக் காட்டியது. பதற்றம் போன்ற உள்ளுக்குள் நடப்பவற்றை நாமே நன்றாக அறிகிறோம். அறிவுத்திறன் போல, நம்மை நாமே மெச்சிக்கொள்ள ஆசைப்படும் விஷயங்களை நண்பர்கள் நம்மைவிடச் சரியாகக் கணிக்கிறார்கள். எனவே எண்ணி முடித்த வாரத்தில் இரண்டு பேரிடம் கேளுங்கள், இருவரும் ஒருவருக்கொருவர் பழக்கமில்லாதவர்களாக இருந்தால் நல்லது. உங்களிடம் வேலை செய்பவர், கடன்பட்டவர் வேண்டாம். அவரால் உண்மை சொல்ல முடியாது. சண்டை ஓய்ந்த சூட்டிலும் வேண்டாம்.

'நான் எப்படிப்பட்ட ஆள்?' என்று கேட்டால் பாராட்டுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: 'நான் டென்ஷனா இருக்கும்போது உன்கிட்ட எப்படி நடந்துக்கிறேன்? ஞாபகத்துல இருக்கிற ஒரு சம்பவம் சொல்லு.' அவர் சொல்வதை அவருடைய வார்த்தையிலேயே வலப்பக்கத்தில் இரண்டாவது நிறத்தில் எழுதுங்கள். ஒரு நாள் முழுக்க விளக்கம் சொல்லக் கூடாது. 'இல்ல, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா...' என்று தொடங்கிய கணத்தில் அவர் அடுத்ததைச் சொல்லாமல் விழுங்கிவிடுவார். நன்றி மட்டும் சொல்லுங்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போய், உங்கள் எண்ணிக்கையில் அது இல்லை என்றால், அடுத்த முப்பது நாள் அதற்கென்று ஒரு சொல்லை ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

ஒரே சம்பவம் மூன்று இரவுக்கு மேல் திரும்பி வந்தால் எழுதுவதை விட்டுவிட்டு அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் கெட்டால் இரவு எழுதுவதைக் காலைக்கு மாற்றுங்கள், அல்லது வாரம் ஒரு முறை என்று குறையுங்கள். தன்மேல் வெறுப்பு வளர்ந்துகொண்டே போனால் நோட்டை மூடிவைத்துவிட்டு மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவரோடு மருத்துவரிடம் போங்கள். அந்த எண்ணத்தோடு தனியாக நோட்டின் முன் உட்காராதீர்கள்.

நோட்டு நிரம்பியதும், 'இந்தச் சூழலில் இப்படி' வாக்கியங்களையும் ஐந்து பெயர்களையும் மட்டும் புதிய நோட்டின் முதல் தாளில் எடுத்தெழுதி, தேதி போடுங்கள். இப்போது பொருந்தாத வாக்கியத்தை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள். கீழே இருப்பது படிக்கும்படி இருக்கட்டும். தீர்க்காமல் விட்ட கடன் ஏதாவது முதல் வரிகளில் மீதமிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்து, அதையும் அந்தப் பெயருக்கு எதிரே எழுதுங்கள். அதன் பிறகு பழைய நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம்.